சந்திரபாபு: ஆட வைத்த பாட்டுக்கு மட்டும் ஏன் மார்க் குறைவு?

ஆடி மாசம் பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருக்கீங்களா? எந்தக் குழு வந்தாலும் பாட்டு வரிசை கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல்ல பிள்ளையார், அப்புறம் அம்மன், முருகன். அடுத்து டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி. மெலடிகள். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கண்ணை மூடித் தலையாட்டும் நேரம் அது. அவங்க எழுந்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் குத்துப்பாட்டு ஆரம்பிக்கும். சேர் எல்லாம் ஓரமாப் போகும், பசங்க மேடைக்கு முன்னாடி வருவாங்க. இப்படித்தான் பாடணும்னு யாரும் சட்டம் போடவில்லை. ஆனா எது மரியாதையான பாட்டு, எது இல்லை என்பதை அந்த வரிசையே சொல்லிடும்.

இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று தமிழ் ரசிகர்களுக்குக் கடைசிவரை பிடிபடாமல் போன ஒருத்தர் ஜே.பி.சந்திரபாபு. 1950-களிலேயே தமிழ் சினிமாவில் ராக் அண்ட் ரோல் ஆடியவர், ட்விஸ்ட் ஆடியவர், தொண்டையை உடைத்து யோடலிங் பாடியவர். அவர் இறந்து 50 வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவரை மேதை என்று சொல்பவர்கள் உதாரணம் காட்டுவது அவருடைய சோகப் பாட்டுகளைத்தான். ஆட வைத்த பாட்டுகளைச் சொன்னால் காமெடி நடிகர் என்ற பெட்டிக்குள் போய்விடுகிறார். இரண்டையும் பாடியது ஒரே தொண்டை. அப்புறம் ஏன் இந்தப் பாகுபாடு?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை

அமெரிக்காவில் 1970-களில் இதேபோல ஒரு சண்டை நடந்தது. சோல் இசையின் ரசிகர்களில் ஒரு பிரிவினருக்கு டிஸ்கோ என்றாலே ஆகாது. தேவாலயத்திலிருந்து வந்த, உயிரை உருக்கிப் பாடும் இசை சோல். டிஸ்கோவோ கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்கும் டிரம்ஸ், பளபள உடை, கிளப், ஆட்டம், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். ராக் ரசிகர்களின் வெறுப்பு இன்னும் மோசம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தே தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டிஸ்கோ தாளத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருத்தர் ஏர்ல் யங். பிலடெல்பியாவில் சோல் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த டிரம்மர். அதாவது சோல் ஸ்டூடியோவுக்குள்ளேயே பிறந்த குழந்தைதான் டிஸ்கோ. வாசித்த கைகளும் பாடிய தொண்டைகளும் பல இடங்களில் அதேதான். கேட்டவர்கள் உட்காராமல் எழுந்து ஆடியதுதான் பிரச்சினை.

சந்திரபாபுவின் கதையும் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கிறது.

தூத்துக்குடி டு கொழும்பு

1927 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் பிறந்தார். பனிமய மாதா கோயில் திருவிழா நடக்கும் சமயம். அதனால் ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர் ரோட்ரிக்ஸ். 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கத்துக்கு மாறிய முத்துக்குளித்துறைக் கடலோரச் சமூகம் அது. ரோட்ரிக்ஸ், பர்னாண்டோ போன்ற பெயர்கள் அங்கே சாதாரணம்.

அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியால் குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டியதானது. பையன் படித்தது அங்கேதான். துறைமுக நகரம், ஆங்கிலப் பள்ளி, மேற்கத்திய இசைத்தட்டுகள், போர்த்துக்கீசிய வாசனையோடு ஆட வைக்கும் பைலா இசை என அந்தக் காலக் கொழும்பு காதுக்குக் கொடுத்த விருந்தே வேறு. சபா கச்சேரிகளிலும் நாடக மேடைப் பாட்டிலும் வளர்ந்த சென்னைப் பையன்களுக்குக் கிடைக்காத விருந்து.

1940-களில் குடும்பம் சென்னைக்குத் திரும்பி திருவல்லிக்கேணியில் குடியேறியது. சரளமான ஆங்கிலம், கோட்டு, தொப்பி, ஸ்டைல் எல்லாம் இருந்தது. கையில் காசு மட்டும் இல்லை. 1947-ல் ‘தன அமராவதி’ படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார்.

இந்தக் காலத்துக் கதை ஒன்று சினிமா வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். வாய்ப்புக் கேட்டு வந்த சந்திரபாபுவின் குரலைச் சோதித்துப் பார்க்கும் வேலை, அப்போது உதவியாளராக இருந்த ஒரு இளைஞரிடம் போனதாம். இவர் பாடுவது சரிப்படாது என்று அவர் கைவிரித்துவிட்டாராம். அந்த இளைஞர் எம்.எஸ்.விஸ்வநாதன்! பிற்காலத்தில் இருவரும் பிரிக்க முடியாத நண்பர்கள் ஆனதால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு நல்ல காது முதல் தடவை கேட்டபோது அந்தக் குரலை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திணறியிருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்கக்கூட வழி கிடைக்காத விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். வழக்கும் வந்தது. அதன்பிறகு அதே வாசன் தன்னுடைய ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வாய்ப்புக் கொடுத்தார். 1952-ல் படம் வெளியானது. (மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தமிழக அரசின் 104 உதவி எண்ணில் பேசலாம்.)

கள்ளத் தொண்டை

யோடலிங் என்றால் என்ன என்பதைப் பார்த்தால்தான் சண்டையின் வேர் புரியும். நாம் பேசும்போது வருவது இயல்பான, கனமான குரல். அதற்கு மேலே மெல்லிசாக, கீச்சென்று ஒரு குரல் இருக்கிறது. பாடகர்கள் பொதுவாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூட்டு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். யோடலிங் இதற்கு நேர் எதிர். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே டக் டக்கென்று குதிக்க வேண்டும். குரல் உடையும் அந்த இடம்தான் அதன் அழகே. ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களிடமிருந்து அமெரிக்க கவ்பாய் பாட்டுக்குப் போய், அங்கிருந்து இசைத்தட்டு வழியாக இந்தியாவுக்கு வந்தது. இந்தியில் கிஷோர் குமார், தமிழில் சந்திரபாபு.

கர்நாடக இசைக்காரர்களிடம் அந்த மேல் குரலுக்கு ஒரு பெயர் உண்டு. கள்ளத் தொண்டை. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் பாருங்க! ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு, வளைந்து போவதுதான் கமகம். அதில் வளர்ந்த காதுக்கு, வேண்டுமென்றே குரலை உடைத்துக் காட்டுவது திருட்டாகத்தான் தெரியும். அதை ஒரு வித்தையாகக் கேட்க வேண்டுமென்றால், காதைக் கொஞ்சம் கழற்றி வேறு மாதிரி மாட்ட வேண்டியிருக்கும்.

காலமும் அவருக்கு எதிராகத்தான் இருந்தது. மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக 1952-ல் வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒடுக்கப்பட்டது, சாஸ்திரிய இசைக்கு நேரம் கூடியது. ஆர்மோனியத்துக்கே 1940-லிருந்து அங்கே தடை இருந்தது என்றால், கிட்டாரும் யோடலிங்கும் எந்த மூலைக்கு? ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். சந்திரபாபு வளர்ந்த அதே கொழும்பிலிருந்து தமிழ்ப் பாட்டு தமிழ்நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் போன பிறகு, 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கம் இறங்கிவந்தது.

அதே 1957-ல்தான் ‘புதையல்’. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வரிகள், சந்திரபாபு குரல். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஹிட். 1959-ல் ‘மரகதம்’ படத்தில் ஜமுனா ராணியோடு பாடிய குங்குமப்பூவே இன்னொரு ரேஞ்ச். இப்போதும் கல்யாண ரிசப்ஷன் மேடையில் அதை யாராவது பாடினால் 20 வயசுப் பசங்களும் கூடவே பாடுகிறார்கள்.

ராகம் இருக்கா? கருத்து இருக்கா?

அந்தக் காலத்து ரசிகர்களிடம் ஒரு சினிமாப் பாட்டு மரியாதை வாங்க இரண்டு பாஸ்போர்ட்தான் இருந்தது. ஒன்று ராகம். இந்தப் பாட்டு கல்யாணி, அந்தப் பாட்டு மோகனம் என்று சொல்ல முடிந்தால் உள்ளே விடுவார்கள். இன்னொன்று கருத்து. என்.எஸ்.கிருஷ்ணனும் சிரிக்க வைத்தவர்தான், ஆடியவர்தான். ஆனால் அவர் பாட்டில் சீர்திருத்தம் இருந்தது, புத்தி சொல்வது இருந்தது. அதனால் அவர் கலைவாணர். ஆடுவதற்காக மட்டும் ஒரு பாட்டு என்றால், அந்தப் பாட்டின் கையில் இரண்டு பாஸ்போர்ட்டும் கிடையாது.

‘சபாஷ் மீனா’வை எடுத்துக்கொள்ளுங்க. 1958-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம். ஹீரோ சிவாஜி. சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். அதில் ஒன்று சென்னை பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். சிவாஜியைவிட ஒரு ரூபாயாவது கூடுதல் சம்பளம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார் என்பார்கள். உண்மையோ இல்லையோ, அந்த மனுஷனின் தெனாவட்டுக்கு அது பொருந்துகிறது. அந்தப் படத்தில் மழையில் ஒரு காதல் டூயட் வரும். திரையில் சந்திரபாபுவும் சரோஜா தேவியும். சுசீலாவோடு பாடிய ஆண் குரல் யாருடையது? டி.ஏ.மோதி. சொந்தமாகப் பாடக்கூடிய, பாட்டுக்காகவே பெயர் வாங்கிய ஒரு நடிகர், காதல் பாட்டு வந்ததும் இன்னொருவர் குரலுக்கு வாயசைக்கிறார்.

தலைகீழ் உதாரணமும் இருக்கிறது. 1954-ல் ஏவி.எம். எடுத்த ‘பெண்’ படத்தில் ஒரு ஜாலியான கல்யாணப் பாட்டு. பாடியது சந்திரபாபு. திரையில் வாயசைத்து ஆடியவர் எஸ்.பாலச்சந்தர். ஆமாம், அதே வீணை பாலச்சந்தர்! பிற்காலத்தில் கர்நாடக இசையின் தூய்மைக்காக மேடைக்கு மேடை சண்டை போட்ட மேதை. அதே வருஷம் ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’யில் சிவாஜிக்கும் ஒரு ஜாலிப் பாட்டு பாடியிருக்கிறார். குஷி வேண்டும் என்றால் சந்திரபாபுவைக் கூப்பிடு, உருக வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார். இதுதான் கணக்கு.

1959-ல் ‘சகோதரி’ படம் முடிந்த பிறகு பார்த்தால், சிரிக்க ஒன்றும் இல்லை என்று ஏவி.எம்.முக்குத் தோன்றியது. சந்திரபாபுவை அழைத்து, பால்காரர் வேடத்தில் தனியாக ஒரு டிராக் எடுத்துச் சேர்த்தார்கள். அதில் தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு அவர் பாடும் பாட்டுதான் இன்று அந்தப் படத்தின் அடையாளம். கடைசியில் ஒட்ட வைத்த துண்டு மட்டும் நிலைத்துவிட்டது. (மற்ற காட்சிகளில் என்ன கதை என்று கேட்டால் உங்க தாத்தாவே கொஞ்சம் யோசிப்பார்.)

மெதுவாகப் பாடினால் மேதை

1960-ல் கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தில் சந்திரபாபு ஹீரோ. படம் ஓடவில்லை. படப்பிடிப்புக்குச் சரியாக வராமல் தன்னை அலைய விட்டார் என்ற கோபம் கண்ணதாசனுக்கு நெடுநாள் இருந்தது. அதை எழுதியும் வைத்தார். ஆனால் அந்தப் படத்தில் பிறப்பிலிருந்து இறப்புவரை மனுஷன் அழுவதைப் பற்றிய பாட்டு மட்டும் தப்பித்தது. 1962-ல் ‘அன்னை’யில் கண்ணதாசன் எழுதி ஆர்.சுதர்சனம் இசையமைத்த இன்னொரு பாட்டு, புத்திசாலித்தனத்துக்கும் வெற்றிக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது. இந்த மாதிரிப் பாட்டுகள் வந்த பிறகுதான், சந்திரபாபு ஆழமானவர் என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டாவது பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது இல்லையா!

குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் முன்னால் அந்த அழுகைப் பாட்டைப் பாடினார் என்றும், அவர் பாராட்டியதும் உற்சாகத்தில் ஓடிப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றும் ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். தத்துவப் பேராசிரியருக்குத் தத்துவப் பாட்டு பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பாடி முடித்த அடுத்த நொடியே சந்திரபாபு தன் பழைய வேகத்துக்குத் திரும்பியதுதான் அந்தக் கதையில் சுவாரசியம்.

இந்த மெதுவான பாட்டுகளையும் ஆட்டப் பாட்டுகளையும் அடுத்தடுத்து, இயர்போனில் கேட்டுப் பாருங்க. பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் கிண்டி போவதற்குள் ஐந்தாறு பாட்டு முடிந்துவிடும். குரலை அழுத்தாமல் பேசுவதுபோல வரியை ஆரம்பிப்பது, சொல்லின் கடைசியில் லேசாக உடைத்து விடுவது, தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் தங்கி அப்புறம் பிடிப்பது, இதெல்லாம் இரண்டு வகையிலும் இருக்கும். சோகப் பாட்டில் நம்மைக் கலங்க வைக்கிற அந்த உடைசல், யோடலிங்கில் பழகிய உடைசல்தான். ஒரு இடத்தில் அதை உணர்ச்சி என்கிறோம், இன்னொரு இடத்தில் சேட்டை என்கிறோம்.

அவர்மேல் வந்த எல்லா விமர்சனத்துக்கும் இசைப் பாகுபாடு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். நேரத்துக்கு வராதது, பெரிய நடிகர்களை முகத்துக்கு நேரே விமர்சித்தது, குடி என எல்லாம் இருந்தது. சினிமா உலகில் நிறைய பேரைப் பகைத்துக்கொண்டார். ஆனால் இதே குணங்கள் இருந்த மற்றவர்களின் கலைக்கு யாரும் மார்க் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

மாடி வீடு

சொந்த வாழ்க்கை வேகமாகச் சரிந்தது. திருமணம் நிலைக்கவில்லை. மனைவி வேறொருவரை விரும்பியது தெரிந்ததும் அவர் போக வழிவிட்டு ஒதுங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விஷயம். காரை நேராக மேல்தளத்துக்கே ஓட்டிப் போகும்படி கட்டிய பங்களா அவரது பெரிய கனவு. எம்.ஜி.ஆரை ஹீரோவாக வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்று ஒரு படத்தைத் தொடங்கி, கையிலிருந்ததையும் கடன் வாங்கியதையும் அதில் கொட்டினார். படப்பிடிப்பு சில நாளிலேயே நின்றது. யார் தப்பு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பணமும் போனது, வீடும் போனது. 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தானே இயக்கி நடித்தார். எதிர்பார்த்த கதவு திறக்கவில்லை. அதே எம்.ஜி.ஆரின் ‘பறக்கும் பாவை’, ‘அடிமைப் பெண்’ போன்ற படங்களில் காமெடி வேடம் கிடைத்தது. குடியும் போதை ஊசியும் உடம்பைத் தின்றுகொண்டிருந்தன.

1974 மார்ச் 8 அன்று இறந்தார். வயது 46. உடல் வைக்கப்பட்டது எம்.எஸ்.வி. வீட்டில். ஒரு காலத்தில் இவர் குரல் சரிப்படாது என்று சொன்னதாகக் கதையில் வருகிற அதே நண்பர்தான் கடைசிக் காரியங்களை முன்நின்று பார்த்தார். சென்னையில் குயிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஐந்தாறு வருஷத்திலேயே தமிழ் சினிமாவுக்குள் டிஸ்கோ வந்தது. சுழலும் கலர் லைட், பெல்பாட்டம், கிட்டார், உடைந்து குதிக்கும் குரல். இசைத்தட்டுக் கடைகளில் அவை நன்றாகவே விற்றன. உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் எழுந்து ஆடுபவர்களுக்கும் நடந்த பழைய சண்டை, இந்த முறை வேறு பெயர்களில் நடந்தது. சந்திரபாபு உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு 50-ஐ ஒட்டிய வயதுதான் இருந்திருக்கும்.

வருஷா வருஷம் மார்ச் 8 வந்தால் டிவியும் எஃப்.எம்.மும் அவரை ஞாபகப்படுத்துகின்றன. அன்றைக்கு மகளிர் தினமும் என்பதால் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் ஓடுவது மெதுவான பாட்டு இரண்டு. ஆட்டப் பாட்டுக்கு முன்னாலேயே விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது.